குளத்துக்கு வந்த ஆலா

அம்மாவுக்கு வவுனியாவில் பிடிக்காத சாமான்கள் நிறைய இருந்தன. குழாய்த் தண்ணீரின் மணம் பிடிக்காது. காற்று அசையாத மத்தியானங்கள் பிடிக்காது. சந்தையில் ஐஸுக்குள் கிடக்கும் மீனைக் கண்டால், தெரிந்தவர் யாரோ மதுபோதையில் விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக நகரத்துக் குளம் பிடிக்காது. நான் அவரை ஒவ்வொரு பின்னேரமும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே எங்கள் இரண்டு பேரையும் பெற்றவர். இடையில் இடப்பெயர்வும் முகாமும் வந்து போயின. போக விட்டதும் வேறெங்கும் பார்க்காமல் அதே கரைக்குத்தான் திரும்பினார். முழங்கால் மடங்க மறுத்து, சீனி வருத்தமும் ஏறிய பிறகுதான், கிளினிக்குக்குக் கிட்ட இருக்கட்டும் என்று நானும் தம்பியும் சேர்ந்து அவரை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிறேன். கலியாணம் கட்டாத பெண், தனியாள். அதைப் பற்றி அம்மாவிடம் ஒரு நீண்ட கதை உண்டு, அதற்கு இங்கே இடமில்லை.

நடக்கவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் நடந்தால் நாய்கள். வீதியில் நடந்தால் மோட்டார் சைக்கிள்கள். மிஞ்சியது குளக்கரைப் பூங்கா ஒன்றுதான். கல் பதித்த நடைபாதை, வரிசையாகச் சீமெந்து வாங்குகள், பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கலும், மிதித்து ஓட்டுகிற அன்னப்படகுகள், வாசலில் வறுத்த கச்சான்கடலை விற்கிற ஐயா. இவ்வளவுக்கும் அப்பால் தாமரையும் சல்வினியாக் களையும் மூடின தண்ணீர், நடுவில் பாதி நனைந்த மரங்கள், அவை நிறையப் பறவைகள்.

முதல்நாள் அம்மா குளத்தை இடது கரையிலிருந்து வலது கரை வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

"இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தனி?"

"வடிவாய்க் கிடக்குத்தானே அம்மா."

"மற்றக் கரை தெரியுது. மற்றக் கரை தெரியிறதெல்லாம் ஒரு தண்ணியோ?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எளிதில் வரும். இந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் இந்த ஊரில் எத்தனையோ வருடத்தைக் கழித்திருக்கிறேன். கச்சேரியில் யாராவது என்னை அழவைத்த நாட்களில் இங்கே வந்து நீர்க்காகம் சிறகு காயவைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா வாங்கில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஒரு கிழமைக்குப் பிறகு கதை மாறிவிட்டது. நான் வேலையால் வரும்போது அம்மா சீலை மாற்றி, தலை இழுத்து, வாசற்படியில் தயாராக நிற்பார். கேட்டால், "நீதானே நடக்கச் சொன்னனி" என்பார். குளத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே மீன் பிடிக்கிற ஆட்களைத்தான் ஏற்றுக்கொண்டார். அந்த ஆட்கள் பறவைகள்.

பறவைகளைப் பறவைகளாகப் பார்க்க அம்மாவுக்குத் தெரியாது. பெரிய பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சோம்பலாக மிதக்கிற கூழைக்கடா அவருக்குச் சம்மாட்டி, அதாவது வள்ளமும் வலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கடலுக்கு அனுப்புகிற முதலாளி. நாளெல்லாம் முக்குளித்து முக்குளித்து எழும்புகிற நீர்க்காகம் கூலிக்குப் போகிறவன். ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு, வேலைக்குப் போகாமல் கரையில் நின்று பங்கு கேட்கிறவன். மீன்கொத்திக்கு மட்டும் மரியாதை இருந்தது. "அவன் தூண்டில்காரன். ஒருத்தரிட்டையும் கையேந்தான்" என்பார். நீர்க்காகம் ஒன்று பிடித்த மீனைப் பருந்து பறித்துக்கொண்டு போனபோது அம்மா வாங்கில் இருந்து எழும்பியே விட்டார். பக்கத்தில் நின்று காதலித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பயந்து விலகிப் போனார்கள்.

"என்ன மீனம்மா அது?" என்று நான் கேட்டேன்.

"யப்பான். சேத்துக் குளத்து மீன். அதுவும் ஒரு மீனெண்டு பருந்து சண்டை பிடிக்குது."

முதலையும் ஒன்று இருந்தது. வெயில் நாட்களில் குளத்தின் மூலையில், சேற்றில் ஏறிக் கிடக்கும். அதற்காகக் கம்பி வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு நாளும் அதற்கு நேரே வந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். பயமா விருப்பமா என்று எனக்கு விளங்கவில்லை. அது கிடக்காத நாட்களில் "எங்க போட்டுது அது?" என்று கேட்பார், வரவேண்டிய ஒருவர் வராதது போல. இப்போது அந்த வேலியருகில் போகும்போது என் கையும் நெற்றிக்குப் போகிறது. நானாகப் போடுகிற சிலுவை அல்ல, அம்மாவுடையது.

அந்த வெயில்காலமெல்லாம் இப்படியே போனது. மாரி தொடங்கி, குளம் நிரம்பி, வான்கதவால் தண்ணீர் வழியத் தொடங்கிய ஒரு பின்னேரம், அம்மா நடைபாதையின் நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வேகமாக நடந்து வந்த ஒருவர் முட்டப் பார்த்து விலகினார்.

"பிள்ளை. அங்க பார்."

தண்ணீருக்கு மேலே வெள்ளையும் சாம்பலுமாக, கூரான சிறகுகளோடு, மெலிந்த பறவைகள் ஒரு கூட்டம். எதிர்க்காற்றில் தள்ளாடித் தாழ்ந்து, தண்ணீரை அலகால் தொட்டுவிட்டு எழும்பிக்கொண்டிருந்தன. எனக்கு அழகாக இருந்தது.

"ஆலா" என்றார் அம்மா. 

ஆலா கடற்பறவை. எங்கள் கரையில் அதைப் பார்த்துத்தான் மீன் எங்கே நிற்கிறது என்று அறிவார்கள். அது கடலை விட்டுத் தரைக்குள் வந்தால், கடலில் ஏதோ நடக்கப்போகிறது என்றும் நம்புவார்கள். சின்ன வயதில் ஆலா வீட்டுக் கூரைகளுக்கு மேலால் பறந்தால் பெண்கள் வெளியே வந்து பார்த்து நிற்பதை நானும் கண்டிருக்கிறேன். இங்கே அது கடலிலிருந்து பஸ்ஸில் வந்தாலே சில மணித்தியாலம் பிடிக்கிற தூரத்தில், அன்னப்படகுகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு உள்ளுக்கு வந்திருக்குதெண்டால்," என்று அம்மா தொடங்கி நிறுத்தினார்.

நான் சிரித்தேன். பூங்காவில் வைத்திருந்த தகவல் பலகையைக் காட்டினேன். குளிர்காலத்தில் தூர தேசங்களிலிருந்து பறவைகள் இங்கே வந்து தங்கும் என்று படத்தோடு போட்டிருந்தது. இந்தக் கூட்டத்தை நான் முந்திய மாரிகளிலும் பார்த்திருக்கிறேன், பெயர்தான் தெரியாது. அம்மா பலகையைப் பார்க்கவேயில்லை. வாசலுக்குத் திரும்பி வந்து கச்சான் விற்கிற ஐயாவிடம் கேட்டார். அவர் புத்தளத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் மனிதர். பூங்காவில் யார் வந்தாலும் போனாலும் அவருக்குத் தெரியும்.

"இது ஒவ்வொரு மாரிக்கும் வாறதுதானம்மா" என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். "பங்குனியோட போயிரும்."

"ஒவ்வொரு மாரிக்கும் கடலும் குழம்புதுதானே ஐயா" என்றார் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கச்சான் சுருள் சுற்றுகிற வேலைக்குத் திரும்பினார்.

அம்மாவின் பயம் எங்கள் கரையில் மீன்பிடிக்கிற தம்பியைப் பற்றியது. அந்தக் காலத்தில் அப்பா காலையில் கடலுக்குப் போய்ப் பின்னேரம் வருகிறவர், தம்பி பின்னேரம் போய் விடிய வருகிறவன். நாங்கள் குளக்கரையில் நடக்கிற அதே நேரத்தில்தான் அங்கே அவன் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருப்பான். ஒரு அழைப்பு எடுத்து, "இண்டைக்குப் போகாதை" என்று சொன்னால் முடிந்தது. கைபேசி அம்மாவின் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை அம்மாவால் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவனை வாயால் மறிக்கக் கூடாது. பின்னால் நின்று கூப்பிடக் கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, போகாதே என்று சொல்லவே கூடாது. மறிக்கத்தான் வேண்டுமென்றால் பெண்களுக்கு வேறு வழிகள் இருந்தன. தேத்தண்ணி வைக்கப் பிந்தலாம். துடுப்பை எங்கேயோ வைத்து மறந்துவிடலாம். வயிற்றுக்குத்து என்று பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது.

அம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். அது ஒரு நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, மறுநாள். "நத்தார் முடிஞ்ச கையோட கடலுக்கோ? இண்டைக்கு ஒரு நாள் நில்லுங்கோவன்" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவும் "சரி, நீ சொல்லுறாய், நிக்கிறன்" என்று நின்றார். அம்மா பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு, உள்ளே முள்ளியவளையில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனார். நான் வேலைப் பயிற்சிக்காக வெளியூரில் இருந்தேன். அப்பா மட்டும் வீட்டில் படுத்திருந்தார். அன்று காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

அன்று விடியக் கடலுக்குப் போன எங்கள் பக்கத்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். ஆழத்தில் வள்ளத்தை ஒருமுறை தூக்கிப் போட்டதாம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கரையில் நின்றவர்கள்தான் போனார்கள், அப்பாவும். செத்தவீட்டில் அம்மா என் காதுக்குள் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "என்ர வாய்தான் பிள்ளை." அதைப் பற்றிப் பிறகு எங்களுக்குள் கதை வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

அதன் பிறகு அம்மா யாரையும் எதற்கும் மறித்ததில்லை. தம்பி படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகப்போகிறேன் என்றபோது, ஊரே அம்மாவைப் பார்த்தது. அம்மா அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். மற்றவர்கள் அதைத் தைரியம் என்றார்கள். எனக்கு மட்டும் அந்தத் தைரியத்தைப் பார்க்க நெஞ்சு நோகும்.

இப்போது ஆலா உள்ளே வந்துவிட்டது. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். அம்மா குளத்தைப் பார்த்த வாங்கில் உட்கார்ந்து தம்பிக்கு அழைப்பு எடுப்பார்.

"தம்பி, சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா."

"என்ன கறி?"

கறிக்குப் பிறகு பூனை. பூனைக்குப் பிறகு கூரைத் தகரம். தகரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் பக்கம் சரிந்துவிட்டதா, அவன் பிள்ளைக்கு இருமல் விட்டதா, கிணற்றில் தண்ணீர் மட்டம் எப்படி. தேத்தண்ணி வைக்கப் பிந்துகிற பழைய வேலையைத்தான் அம்மா கைபேசியில் செய்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. தம்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆக்கள் நிக்கினம், நான் போகவேணும்" என்பான். "ம்" என்பார் அம்மா. அவ்வளவுதான். பிறகு ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்புவதை இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாத்தியோ, குத்தி விழுந்து மீன் எடுக்கேல்லை. சும்மா தொட்டுப்போட்டுப் போகுது. பசி இல்லை அதுகளுக்கு. பயந்து வந்ததுகள்" என்றார் ஒருநாள்.

"அம்மா, அது வேற சாதி ஆலா. அது அப்பிடித்தான் சாப்பிடும்."

"நீ கச்சேரியில வேலை செய். ஆலாவை எனக்கு விடு."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கக்கூடிய நிலைமை இல்லை. அம்மா நித்திரை கொள்வதில்லை. விடியத் தம்பி கரைக்கு வந்து அழைப்பு எடுக்கும் வரை பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. கிளினிக்கில் சீனி கூடிக்கொண்டே போனது. தாதி என்னைத்தான் ஏசினாள். எனக்கு ஆலாக்கள் மீதே ஆத்திரம் வந்தது. நான் இவ்வளவு காலம் விரும்பிப் பார்த்த குளத்தில் வந்து நின்றுகொண்டு என் தாயைத் தின்கின்றனவே என்று இருந்தது. வேறு பக்கம் நடப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா வரமாட்டேன் என்றார். பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

கடைசியில் நான் தம்பிக்கு அழைத்து, ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்காக அவன் கடலுக்குப் போகாமல் நின்றுவிடுவான், அம்மா சொல்லாமல் சொன்னதாகிவிடும்.

தம்பி பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி நிறைய மீனோடு வந்தான். அம்மா பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து, பல நாட்களுக்குப் பிறகு ஒரு கோப்பை சோறு முழுதாகச் சாப்பிட்டார். பின்னேரம் மூன்று பேரும் குளத்துக்குப் போனோம். தம்பி அன்னப்படகைப் பார்த்துச் சிரித்து அடங்க நேரம் பிடித்தது. முதலைக்கு முன்னால் அம்மா சிலுவை போட்டபோது அவனும் போட்டான். அம்மா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். நான் சின்னப்பிள்ளையாகிவிட்டது போல இருந்தது. அந்த நடையை இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

வாங்கில் இருந்தோம். ஆலாக்கள் வந்தன. அம்மா அவற்றைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார்.

"நாளைக்குப் பின்னேரம் வலைக்குப் போகவேணும். விடியவே வெளிக்கிட்டிடுவன்" என்றான் தம்பி.

அம்மா சீலைத் தலைப்பைக் கையில் சுற்றத் தொடங்கினார். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"வாயைத் திறந்து சொல்லுங்கோவன் அம்மா! போகாதை எண்டு சொல்லுங்கோ. நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை, இந்தப் பறவையைப் பாத்துப் பாத்துச் சாகிறியள்!" என்று கத்திவிட்டேன். பிறகு தம்பியைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆலாவைப் பற்றியும், அப்பாவைப் பற்றியும், செத்தவீட்டில் என் காதுக்குள் சொன்ன வசனத்தையும். அம்மா என் வாயைப் பொத்தக் கை நீட்டினார், எட்டவில்லை.

 தம்பி குனிந்து, தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாதாரணமாக, மீன் விலையைச் சொல்வது போலச் சொன்னான்.

"அப்பா அண்டைக்கு நீங்கள் சொன்னதுக்கோ நிண்டவர்? எஞ்சினில பிளக் எரிஞ்சு போச்சு. முதல்நாள் பின்னேரம் கழட்டிப் பாத்தவர், நான்தான் பக்கத்தில நிண்டனான். நத்தாருக்குக் கடையெல்லாம் பூட்டு. நாளைக்குப் போகேலாது எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் படுக்கப் போனவர். விடிய நீங்களாய் வந்து நில்லுங்கோ எண்டு கேக்க, அப்பா விடுவாரோ? உங்களுக்காக நிக்கிறன் எண்டு பேர் வாங்கிப்போட்டார்."

அம்மா சீலைத் தலைப்பை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் இதைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறியள் எண்டு எனக்கென்ன தெரியும் அம்மா?"

அம்மா குளத்தைப் பார்த்தார்.  அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"கள்ளன்!" என்றார் அம்மா.

நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கள்ளன்! என்ர பங்குக் கேக்கையும் தூக்கிக் குடுத்தனான். சொல்லுக் கேக்கிற மனுசனெண்டு! காலமை காலமை அடுப்பு மூட்டிக் கோழி பொரிச்சுக் குடுத்தனான். கட்டில்ல இருந்துகொண்டு, 'உனக்காகத்தான் நிக்கிறன்' எண்டு சொல்லிச் சொல்லித் திண்டவர் கொப்பர். பிளக்கோ எரிஞ்சது? பிளக்கோ?"

சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே அப்பாவை ஏசினார். இறந்த மனிதரை இவ்வளவு உரிமையோடு யாரும் ஏசியிருக்கமாட்டார்கள். அவர் போனதன் பிறகு அம்மா அவரைப் பற்றி நல்லதாக மட்டும்தான் பேசியிருந்தார், கோவிலில் பேசுவது போல. அன்றுதான் அப்பா திரும்பவும் எங்கள் வீட்டு மனிதராக வந்தார். வாயெல்லாம் கேக்கோடு. நானும் அழுதேன், தம்பியும் அழுதான். கச்சான் ஐயா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மூன்று சுருள் கச்சான் அனுப்பினார்.

மறுநாள் விடியப் பஸ் நிலையத்தில் நான் தம்பியிடம் கேட்டேன்.

"உண்மையோ?"

"எது?"

"பிளக்."

அவன் பொய் சொன்னால் காதைச் சொறிவான், சின்ன வயதிலிருந்தே. கேட்ட கையோடு நான் கடைப் பக்கம் திரும்பி அவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கினேன். வாங்கி முடிக்கும்போது பஸ் வெளிக்கிட்டுவிட்டது. அவன் யன்னலால் கையை நீட்டிப் போத்தலை வாங்கிக்கொண்டான். அதன் பிறகு நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அன்று பின்னேரம் குளத்தில் ஆலாக்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தன. அம்மா வாங்கில் இருந்தார், செருப்பைக் கழற்றினார், கைபேசியை எடுத்தார். கறியைக் கேட்கவில்லை. பூனையைக் கேட்கவில்லை.

"தம்பி, போகாதை" என்றார். "ஆலா நல்லாய் உள்ளுக்கு வந்திட்டுது. கடல் சரியில்லை. இண்டைக்குப் போகாதை எண்டு சொல்லுறன்."

அவ்வளவு காலம் பூட்டிக்கிடந்த சொல், இவ்வளவு இலேசாக வந்தது. 

"ஓம் அம்மா, போகேல்லை" என்று தம்பி சொல்வது எனக்கும் கேட்டது. அதோடு வள்ளம் தள்ளுகிற ஆட்களின் சத்தமும், ஒரு எஞ்சின் இழுபட்டுப் பற்றுகிற சத்தமும் கேட்டன.

"என்ன சத்தம் அது?"

"பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் அம்மா."

அம்மா கைபேசியை மடியில் வைத்தார்.

"கடலுக்குப் போட்டான்" என்றார். "தகப்பனைப் போலக் கள்ளன்." முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அன்று இரவு நித்திரை கொண்டார். ஆலா வந்தால் கடல் குழம்பும் என்பதைக் கடைசி வரை அம்மா விடவில்லை. விடவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது, அதைச் சொல்ல ஒரு வாய் கிடைத்திருந்தது. அந்த மாரியும், அதற்கடுத்த மாரியும், நடக்க முடிந்த ஒவ்வொரு பின்னேரமும் அதே வாங்கிலிருந்து அம்மா போகாதை என்று சொல்வார். அவன் ஓம் என்று சொல்லிவிட்டுப் போவான். சிலவேளை தூறலில் குடைக்குக் கீழே இருந்து சொல்வார். சிலவேளை கச்சான் கொறித்துக்கொண்டே சொல்வார். குளத்தில் எனக்கு எது பிடிக்கும் என்று இப்போது யாராவது கேட்டால், நான் பறவை எதையும் சொல்லமாட்டேன். அம்மா போகாதை என்று சொல்லும் அந்தச் சத்தத்தைத்தான் சொல்வேன்.

அம்மா ஒரு மாரி தொடங்கும்போது போய்விட்டார். அவரை எங்கள் கரைக்கே கொண்டுபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். முப்பத்தோராம் நாள் பூசை முடியும் வரை தம்பி கடலுக்குப் போகவில்லை. நான் வவுனியாவுக்குத் திரும்பினேன். குளத்துக்குப் போக மனமில்லாமல் சில நாள் வீட்டிலேயே இருந்தேன். ஒரு பின்னேரம், இருக்க முடியாமல், எழும்பிப் போனேன். வாங்கு ஈரமாக இருந்தது. நான் அப்படியே இருந்தேன். நடு மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து நின்றன. ஆலாக்கள் வந்திருந்தன.

கைபேசி அடித்தது. தம்பி.

"அக்கா, இண்டைக்குத்தான் முதல் வெளிக்கிடுறன்" என்றான். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. நான் கவனம் என்று சொன்னேன். சரி என்றான். ஆனால் அழைப்பை வைக்கவில்லை. ஆட்கள் அவனைக் கூப்பிடுவது கேட்டது. அவன் போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தான். அவன் எதற்காக நிற்கிறான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. 

"தம்பி," என்றேன், "போகாதை."

"ஓம் அக்கா, போகேல்லை" என்றான். எஞ்சின் பற்றுகிற சத்தம் கேட்டது.